பச்சை இலை போட்ட பரணி

முப்பிடாதி பெட்டியைக் கட்டி வைத்து நாலைந்து நாள் ஆகிவிட்டது. தாராவியில் அந்த ஒற்றை அறையில் பெட்டியை ஒளித்து வைக்க இடம் ஏது? அடுப்புக்கும் தண்ணீர் டிரம்முக்கும் நடுவில், போகிறவர் வருகிறவர் காலில் இடிக்கிற மாதிரி அது உட்கார்ந்திருந்தது. அவள் புருசன் வெயிலுமுத்து அதைத் தாண்டித்தான் தினமும் குளிக்கப் போனான், தாண்டித்தான் சாப்பிட உட்கார்ந்தான். ஒரு வார்த்தை கேட்க வேண்டுமே! "இது என்னட்டி பெட்டி, எங்க கெளம்பிட்ட?" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் அவளுக்குப் பாதிக் கோபம் அங்கேயே ஆறிப்போயிருக்கும். மனுசன் வாயைத் திறந்தால்தானே.

அவனுக்குத் தெரியாமல் இல்லை. பாண்டுப்பில் ஃபாக்டரி வேலை பார்க்கிற அவள் அண்ணன் நம்பிராஜன் வருகிற ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டு ஊருக்குப் போகிறான். "தங்கச்சியையும் கூட்டிட்டுப் போறேன் மச்சான், அங்கன கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்று அவனே நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனான். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று கேட்க வேண்டாமா ஒரு கட்டின புருசன்? "போகட்டும்" என்றான் வெயிலுமுத்து. 'போயிட்டு வரட்டும்' என்றுகூடச் சொல்லவில்லை. போகட்டுமாம்! முப்பிடாதிக்குத் திரும்பி வருகிற எண்ணமே கிடையாது. அது அண்ணனுக்கும் தெரியும், பக்கத்து வீட்டு சைனப்புக்கும் தெரியும். இந்த மனுசனுக்கும் தெரிந்துதான் இருக்கும், தெரிந்தே போகச் சொல்கிறான் என்று நினைக்க நினைக்க அவளுக்கு வயிறு எரிந்தது.

அவன் ஒன்றும் ஊமையில்லை. வேலை செய்கிற பார்க்கில் மேஸ்திரியிடம் மராட்டி பேசுவான், பேல்பூரிக்காரனிடம் இந்தி பேசுவான், ரயிலில் யாராவது ஊர்க்காரன் மாட்டினால் சயான் வரும்வரை பேசிக்கொண்டே வருவான். வீட்டுக்கு வந்தால் மட்டும் நாக்கைச் செருப்போடு வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு வருவான்.

வெயிலுமுத்து மாட்டுங்காவில் ஒரு பார்க்கில் மாலி. செடிக்குத் தண்ணீர் விடுவது, புல் வெட்டுவது, சருகு கூட்டுவது இதெல்லாம் வேலை. கூட்டின சருகைக் குவித்து எரித்துவிடுவான். ஒரு நாள் எரிக்கப் போகும்போது அந்த வழியாக வந்த கரீம் பாட்சா ஓடி வந்து கையைப் பிடித்துவிட்டார். கரீம் பாட்சா கடையநல்லூர்க்காரர். மாட்டுங்கா மார்க்கெட் பக்கம் வண்ணமீன் கடை வைத்திருந்தார். "அரே, வாதாமரத்து எலையவா எரிக்கப் போற? பாவி, எங்கிட்டக் குடு!" என்று சருகைப் பறிக்காத குறை. அன்றிலிருந்து வாதாமரத்துச் சருகும், சவுக்குக் காயும், மகோகனிக் காய் வெடித்துக் கீழே விழுகிற மர ஓடும் வாரம் ஒரு சாக்கு தாராவிக்கு வந்து, முப்பிடாதி கையால் பக்குவமாகி, கரீம் பாட்சா கடைக்குப் போயிற்று.

வாதாம் சருகைத் தண்ணீரில் போட்டால் டீத்தண்ணி நிறத்துக்குச் சாறு இறங்கும். அந்தத் தண்ணீரில் மீனுக்குச் செதில் புண்ணாகாது, பூசணம் பிடிக்காது, முட்டை போடுகிற மீன் தைரியமாக முட்டை போடும். சவுக்குக் காயிலும் அந்தச் சாறு உண்டு. மகோகனி ஓடு எதற்கென்றால், குட்டி மீன் பயந்தால் ஓடி ஒளிய. இதையெல்லாம் கரீம் பாட்சாதான் முப்பிடாதிக்குச் சொன்னார். கட்டினவன் சொல்லவில்லை.

வேலை என்று பார்த்தால் லேசுப்பட்ட வேலையில்லை. காக்கா எச்சம் பட்ட இலை, மோட்டார் எண்ணெய் பட்ட இலை, பூச்சி கூடு கட்டின இலை எல்லாவற்றையும் தள்ள வேண்டும். நல்லதைத் தேங்காய் நாரால் இரண்டு பக்கமும் நோகாமல் துடைத்து, அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் நொறுங்கிவிடும். அரை ஈரத்தில் எடுத்து அடுக்கிப் பலகை வைத்து, மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தால் மறுநாள் இஸ்திரி போட்டது மாதிரி இருக்கும். காயையும் ஓட்டையும் வேக வைத்து, கறுப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி வேக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மிதந்துகொண்டே கிடக்கும், எறும்பு வேறு. சைனப் வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன மதினி, அண்ணாச்சிக்கு இன்னைக்குச் சவுக்குக் காய் கொழம்பா?" என்று கேட்பாள். "ஆமா, ஒனக்கும் ஒரு கிண்ணம் ஊத்தவா?" என்பாள் இவள்.

"உதுந்ததுதான் வேணும். பறிக்கக் கூடாது" என்று வெயிலுமுத்து ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தான். ஏன் என்று கேட்டாள். "அப்படித்தான்" என்றான்.

அப்படித்தான்! இது ஒரு பதிலா? பதில் கிடைக்காத இடத்தில் நாமாக ஒரு பதிலைப் போட்டுக்கொள்வோம் இல்லையா, அவளும் போட்டுக்கொண்டாள். அரசாங்கத்து மரம், இலையைப் பறித்தால் மேஸ்திரி சத்தம் போடுவான், அதனால்தான் உதிர்ந்ததைப் பொறுக்கச் சொல்கிறான் என்று முடிவு கட்டினாள். அவள் பிறந்த வீட்டில் ஒரு மனுசனுக்குச் சோறு போட்டால் வாடின இலையில் போடமாட்டார்கள். கல்யாணமானாலும் சரி, கோயில் கொடையானாலும் சரி, இலை பச்சையாக, கிழிசல் இல்லாமல், தண்ணீர் தெளித்துத் துடைத்ததாக இருக்க வேண்டும். சருகு அடுப்பெரிக்க. காசு கொடுத்து மீன் வாங்கி வளர்க்கிறவர்கள் அதற்குப் போய்ச் சருகைப் போடுகிறார்களே என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு இளக்காரம் இருந்துகொண்டே இருந்தது.

அவள் கோபமெல்லாம் சருகைப் பற்றியதா? அது வேறு கோபம்.

மூன்று வருசத்துக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது. பாப்பா, பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். தலை நிற்கக்கூட இல்லை, ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த பிள்ளையை வெயிலுமுத்து ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மசானத்துக்குப் போனான். பொம்பளைகள் போகிற வழக்கமில்லை. முப்பிடாதி வாசற்படியில் விழுந்து கிடந்தாள், சைனப்தான் பிடித்துக்கொண்டாள். திரும்பி வந்தவன் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டான். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. மறுநாள் விடிந்ததும் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். பிள்ளையைப் பற்றி அதற்கப்புறம் ஒரு பேச்சு இந்த வீட்டில் கிடையாது. அவள் எடுத்தாலும் எழுந்து வெளியே போய்விடுவான்.

முப்பிடாதி மனசில் அன்றைக்கு ஒரு முடிச்சு விழுந்தது. இவனுக்கு நெஞ்சு இருக்கிற இடத்தில் கல் இருக்கிறது என்று நினைத்தாள். மூன்று வருசம் பொறுத்துப் பார்த்தாள். ஒரு கல்லுக்குச் சோறு பொங்கிப் போடுவதற்கு ஊரில் போய் அண்ணன் பிள்ளைகளுக்குப் பொங்கிப் போடலாம் என்றுதான் பெட்டியைக் கட்டினாள்.

அந்த வாரம் பார்த்துத்தான் கரீம் பாட்சா ஒரு ஜோடி மீனைக் கொண்டுவந்து கொடுத்தார். சண்டை மீன். ஆண் மீன் நல்ல நீலம், செட்டை பட்டுப் பாவாடை மாதிரி விரிந்திருக்கும். "கடையில ஆள் நடமாட்டம் ஜாஸ்தி, பயந்துபோய் முட்டையத் தின்னுடுது. உங்க வீட்ல சத்தம் இருக்காதுல்லா, அங்கன வச்சுப் பொரிச்சுக் குடுங்க" என்றார். சத்தம் எப்படி இருக்கும் என்று முப்பிடாதி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். வெயிலுமுத்து ஊறுகாய் போடுகிற ஒரு பெரிய கண்ணாடிப் பரணியில் தண்ணீர் ஊற்றி, ஒரு வாதாம் சருகைப் போட்டு, தண்ணீர் தேன் நிறத்துக்கு வந்த பிறகு மீனை விட்டு, பலகைத் தட்டில் வைத்தான்.

போகிற வீட்டில் நமக்கென்ன மீன் என்று அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எத்தனை நேரத்துக்கு? ஆண் மீன் தண்ணீர் மேலே வந்து வாயால் காற்றைக் குடித்துக் குடித்து, சருகுக்கு அடியில் நுரையாகக் கூடு கட்டிற்று. பெண் மீன் முட்டை போட்டது. போட்டதும் வெயிலுமுத்து அதைப் பிடித்துச் சொம்பில் தனியே விட்டான். முட்டை ஒவ்வொன்றாகக் கீழே விழ விழ, ஆண் மீன் வாயில் கவ்விக்கொண்டு போய் நுரையில் ஒட்டிவைத்தது. தின்னவில்லை, தூங்கவில்லை, அப்படி ஒரு காவல். முப்பிடாதி அடுப்பில் சோறு குழைவதுகூடத் தெரியாமல் பரணி முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

வியாழக்கிழமை முட்டை பொரிந்தது. கண்ணிமை முடியைத் துண்டு துண்டாக நறுக்கினது மாதிரிக் குஞ்சுகள் நுரையில் வால் கீழே தொங்கத் தொங்கிக்கொண்டிருந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெயிலுமுத்தும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"தாயி உள்ள இருந்தா தின்னுரும். அப்பன்தான் பாக்கணும்" என்றான்.

"மீனுக்காவது அப்பன் இருக்கான்" என்றாள் அவள். சுருக்கென்று தைக்கட்டும் என்றுதான் சொன்னாள். அவன் எழுந்து போய்விட்டான்.

சொல்லிவிட்டாளே தவிர, வெள்ளிக்கிழமை முழுக்க அவளுக்கு மனசு சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிடுவோம், இந்தப் பொடிசுகளை யார் பார்ப்பது? போவதற்கு முன்னால் நம் கையால் இதுகளுக்கு ஒரு நல்லது செய்துவிட்டுப் போவோம் என்று தோன்றிற்று. கடைக்குப் போகிற மீனுக்குச் சருகு போதும், வீட்டில் பிறந்ததுக்குமா சருகு? சந்து முனையில் தோல் ஷாப்புச் சுவரை ஒட்டி யாருக்கும் சொந்தமில்லாத ஒரு வாதாமரம் நின்றது. மேஸ்திரி இல்லை, கேட்பாரில்லை. கழியால் கிளையை இழுத்து, இளசாக, ஓட்டை ஒடிசல் இல்லாத பச்சை இலையாகப் பார்த்துப் பறித்தாள். விருந்துக்கு இலை கழுவுவதைப் போலக் கழுவினாள். பழைய சருகை ஓரமாக ஒதுக்கிவிட்டு, இலைகளைச் சுருட்டிப் பரணிக்குள் இறக்கினாள். பச்சையும் நீலமுமாகப் பார்க்க எவ்வளவு லட்சணமாக இருந்தது! அன்றைக்கு அவன் ரேசன் கியூவில் நின்றுவிட்டு இருட்டி வந்து, தின்று, படுத்துவிட்டான். பரணியைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை அவன் வேலைக்குப் போன பிறகு அறையில் ஒரு வாடை. எலி செத்துக் கிடக்கிறதோ என்று மூலைமூலையாகத் தேடினவள் கடைசியில் பரணியைப் பார்த்தாள். தண்ணீர் அரிசி கழுவின தண்ணீராகக் கலங்கியிருந்தது. இலையில் ஒரு வழுவழுப்பு. நுரையைக் காணோம். குஞ்சுகள் எல்லாம் தூசியாக அடியில் கிடந்தன. ஆண் மீன் மட்டும் மேலே வாயை வாயைத் திறந்துகொண்டிருந்தது.

"ஐயையோ" என்றாள் முப்பிடாதி. கையை விட்டு இலையை அள்ளி வெளியே போட்டாள். டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றினாள். குனிந்து குனிந்து பார்த்தாள், ஒன்றாவது அசைகிறதா என்று. ஒன்றும் அசையவில்லை.

மத்தியானம் வெயிலுமுத்து வந்தான். பெட்டியைத் தாண்டினான், பரணியைப் பார்த்தான், கீழே கிடந்த இலையைப் பார்த்தான்.

"பச்ச எலையா போட்ட?"

"நல்ல எலையா இருக்கட்டும்னு போட்டேன்" என்றாள்.

அவன் திட்டவில்லை. ஒரு மண்சட்டியில் வேறு தண்ணீர் ஊற்றி, ஆண் மீனை உள்ளங்கையில் தாங்கி அதில் விட்டான். "உதுருறதுக்கு முன்னால மரம் எலையில உள்ளதையெல்லாம் உள்ள இழுத்துக்கிடும் பிள்ள. பச்சையில எல்லாம் அப்படியே இருக்கும். தண்ணியில கெடந்தா அழுவிரும். அதுக்குத்தான் உதுந்தது வேணும்னேன்."

"இத மொதல்லயே சொன்னா வாயில முத்தா உதுந்துரும்?" முப்பிடாதிக்குப் பயம் போய் ஆங்காரம் வந்துவிட்டது. "ஏன்னு கேட்டேன்லா? அப்படித்தான்னு சொன்னிய! சொன்னாத்தான தெரியும்? எனக்கு எதத்தான் சொல்லியிருக்கிய நீங்க?"

வெயிலுமுத்து பரணியைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். தோள் குலுங்கிற்று. முதலில் அவளுக்குப் புரியவில்லை. அப்புறம் சத்தம் வெளியே வந்தது. அந்த ஆள், அந்தக் கல், சின்னப் பையன் மாதிரி விம்மி விம்மி அழுதான்.

அவளுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு தீதான் வந்தது. "இந்தப் பொடி மீனுக்கா அழுதிய? ஒரு பிள்ளையப் பெத்துக் குடுத்தேன், அதத் தூக்கிட்டுப் போயிப் பொதச்சிட்டு வந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டியளா? மனுசனா நீங்க? எம் பிள்ள இந்த மீனுக்குக் கூடப் பெறாமப் போச்சா?"

அவன் நிமிரவில்லை. "அழுதேன்" என்றான்.

"எங்க அழுதிய? யாரு பாத்தா?"

"மசானத்துல" என்றான். அப்புறம் அவனாகவே சொன்னான், பரணியைப் பார்த்துக்கொண்டே. "வாசல்ல ஒருத்தன் 'நாவ் காய்'னு மராட்டியில பேரக் கேட்டான். பேரு வைக்கலையேன்னேன். பேரு சொல்லாம குழி தோண்ட முடியாதுன்னுட்டான்."

ஆமாம், பேர் வைக்கவில்லை. ஊருக்குப் போய்ச் சாஸ்தா கோயிலில் முடி இறக்கித்தான் பேர் விடுவது என்று இருந்தார்கள். அதற்குள்தான் அது போய்விட்டதே.

"கையில பிள்ள கெடக்கு. பேரில்லாத பிள்ளன்னு விட்டுட்டு வர மனசு வரல. எங்கம்மா பேரு, ஒங்கம்மா பேரு, ஒண்ணும் நெனவுக்கு வரல. என்னமோ ஒரே ஒரு பேருதான் வாயில வந்திச்சு. முப்பிடாதின்னு சொல்லிட்டேன்."

"எம் பேரையா?" என்றாள் அவள்.

"குழிய மூடிட்டு ரோட்டுக்கு வந்த பெறவுதான் ஒறச்சுது. உசிரோட வீட்ல இருக்கவ பேரச் சொல்லி மசானத்துல குழி தோண்ட வச்சிட்டேனே! ஒனக்குத் தலவலின்னாக்கூட எனக்குப் பகீர்ங்கும். ஒங்கிட்டச் சொன்னா பயந்தே செத்திருவ. பிள்ளையப் பத்திப் பேச்செடுத்தா இதுவும் சேந்து வந்திருமோன்னு பேச்சவே விட்டேன். ஒங்கண்ணன் வந்து கூட்டிட்டுப் போறேன்னதும், சரி, போகட்டும், எங்கூட இல்லாட்டியாவது நல்லா இருக்கட்டும்னு..."

மூன்று வருசமாக அவன் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை என்பது முப்பிடாதிக்கு இப்போதுதான் உறைத்தது.

"கூறுகெட்ட மனுசா" என்றாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து எது முதலில் என்று தெரியவில்லை. "எனக்கு என்ன வந்திரப் போவுது? ரேசன் கடையில நாலு பேர இடிச்சுத் தள்ளிட்டு அரிசி வாங்கிட்டு வாரேன். எமன் வந்தா அவனையும் கியூவில நிக்க வைப்பேன். இதுக்குப் போயா மூணு வருசம்... ஐயோ, இதுக்குப் போயா ஒத்தையில கெடந்து வெந்திய?"

அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள், அப்புறம் தன் முகத்தையும் துடைத்துக்கொண்டாள். பிள்ளையை எந்தப் பக்கம் வைத்தார்கள், தலை எந்தத் திசை, குளிருமென்று துணியை நன்றாகச் சுற்றினானா, மழை பெய்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவன் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். பின்பக்கச் சுவரோரம், ஒரு புளியமரத்துக்கு நேராக என்றான். துணி நனையக் கூடாதென்று சட்டையைக் கழற்றி மேலே போர்த்தினேன் என்றான். அவன் வெறும் உடம்போடு வீட்டுக்கு வந்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஏன் என்று அன்றைக்கு அவள் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் நம்பிராஜன் டாக்ஸி பிடித்துக்கொண்டு வந்துவிட்டான். முப்பிடாதி தலை சீவி, கல்யாணத்துக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். வெயிலுமுத்து வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கதவைப் பூட்டிக்கொண்டிருந்தான். சைனப் தன் வாசலில் நின்று வாயில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கெளம்பியாச்சா? பெட்டிய எங்க?" என்றான் நம்பிராஜன்.

"நீ மட்டும் போயிட்டு வா அண்ணே" என்றாள் அவள். "நாங்க முப்பிடாதியப் பாக்கப் போறோம்."

நம்பிராஜன் தங்கச்சியை மேலும் கீழும் பார்த்தான்.